மாலை ஆறு மணிக்குப் பிறகு யாருடன்?

கேள்வி: எனக்கு வயது 39. கோவை கணபதியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 18 ஆண்டுகள் குடித்தேன். மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் தங்கிச் சிகிச்சை பெற்று வந்தபின், ஏழு மாதங்களாகத் தொடவில்லை. முதலில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். இப்போது மாலை ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கினால் எங்கே போவதென்று தெரியவில்லை. முன்பு நாங்கள் ஐந்து பேர் தினமும் ஒரே பாரில் உட்காருவோம். ஞாயிறு காலை கிரிக்கெட் ஆடுவோம். ஆட்டம் முடிந்ததும் நேராக அங்கேதான். இப்போது இரண்டுக்கும் போவதில்லை. வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். அரை மணி நேரம் தாமதமாக வந்தால், மனைவி பக்கத்தில் வந்து மூச்சை முகர்கிறாள். குடிநோயாளிகள் கூட்டத்துக்கு ஒரு முறை போனேன். பட்டறைக்கு ஆர்டர் கொடுக்கும் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். கூசிப்போய்ப் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த மாதம் குலதெய்வக் கோயிலில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன், போகாமல் இருக்க முடியாது. கிடா விருந்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். குடிக்காமல் இருக்கிறேன், ஆனால் வெறுமனே இருக்கிறேன். இப்படியே எத்தனை காலம் இருப்பது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

‘குடிக்காமல் இருக்கிறேன், ஆனால் வெறுமனே இருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, குடியை விட்டவர்கள் இதை வெளியே சொல்வது அபூர்வம். சொன்னால் ‘இன்னும் குடி ஞாபகம் போகவில்லையா’ என்று வீட்டார் பதறிவிடுவார்கள். அதற்குப் பயந்து மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்குவார்கள். ஒரு நாள் மாலை, யாரும் எதிர்பாராத நேரத்தில், கால் தானாகப் பழைய இடத்துக்குப் போய்விடும். நீங்கள் அதற்கு முன்பே எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். மனநல சமூகப் பணியாளராகக் குடிநோயாளிகளுடனும் அவர்கள் குடும்பங்களுடனும் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த வெறுமையைப் பற்றி. அதில் ஒரு பகுதி உடம்பு சார்ந்தது. பல ஆண்டுகள் மதுவுக்குப் பழகிய மூளை, அது நின்றபின் சாதாரண சந்தோஷங்களை உணரவே சில மாதங்கள் தடுமாறும். பிடித்த சாப்பாடு, பிள்ளையின் சிரிப்பு, நல்ல ஆர்டர் கிடைத்த செய்தி எல்லாமே கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். தூக்கமும் சரிவர அமையாது. குடிக்காமல் இருக்க இருக்க இது மெல்லத் தெளியும். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மீதிப் பகுதி ஆட்கள் சார்ந்தது. அதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும்.

அந்த பார் உங்களுக்கு மதுவை மட்டும் கொடுக்கவில்லை. நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் நின்ற ஒருவருக்கு உட்கார ஓர் இடம் கொடுத்தது. அழைப்பிதழ் இல்லாமல் போகலாம். போனதும் பெயர் சொல்லிக் கூப்பிட நான்கு பேர் இருப்பார்கள். ஒரு நாள் வராவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று போன் வரும். நம் ஊர்களில் வேலைக்குப் போகும் ஓர் ஆணுக்கு இந்த மூன்றும் சேர்ந்து வேறெங்கே கிடைக்கிறது? டீக்கடையில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. கோயிலில் கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். உறவினர் வீட்டுக்குப் போனால் ‘என்ன விசேஷம்’ என்று கேட்பார்கள். சிகிச்சை மையம் உங்களிடமிருந்து மதுவை எடுத்தது. அதோடு சேர்ந்து இந்த மூன்றும் போய்விட்டன. அவற்றுக்கு ஈடாக எதையும் யாரும் வைக்கவில்லை. நண்பர்களை நினைத்து ஏங்குவதும் குடியை நினைத்து ஏங்குவதும் ஒன்றல்ல. வீட்டார் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துப் பயப்படுவார்கள். நீங்களும் அப்படிப் பார்த்து உங்கள்மீதே சந்தேகப்பட வேண்டாம்.

மன உறுதி போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மன உறுதி காலையில் இருக்கும். மாலை ஆறு மணிக்கு ஆள் வேண்டும்.

இதை நான் வெறும் அனுபவத்தை வைத்துச் சொல்லவில்லை. 1973-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹன்ட், அஸ்ரின் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மருத்துவமனையில் குடிநோய்க்காகச் சேர்ந்திருந்த 16 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதி எட்டுப் பேருக்கு அதோடு வேலை தேடித் தந்தார்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினார்கள், வீட்டுக்குத் தொலைபேசியும் செய்தித்தாளும் வர ஏற்பாடு செய்தார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, பழைய மதுக்கடை ஒன்றையே எடுத்து, குடிக்காதவர்கள் கூடும் கிளப்பாக மாற்றியதுதான். இசைப் பெட்டி, சீட்டாட்டம், நடனம், சினிமா, எல்லோரும் சேர்ந்து சுற்றுலா. மனைவியும் நண்பர்களும் வரலாம். குடித்துவிட்டு வந்தால் மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதம் தொடர்ந்து கவனித்ததில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 79 விழுக்காடு நாட்கள் குடித்திருந்தார்கள். மற்றவர்கள் 14 விழுக்காடு நாட்கள்தான். சோதனை சிறியது, வேலை, குடும்பம், கிளப் மூன்றும் கலந்த பலன் அது. ஆனாலும் அந்த மருத்துவமனைக்காரர்கள் உங்கள் கேள்வியைப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பது தெரிகிறது. குடியை நிறுத்தியவர் சனிக்கிழமை இரவு எங்கே போவார் என்று அவர்கள் கவலைப்பட்டார்கள்.

அவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கு நான் எங்கே போவேன் என்று கேட்பீர்கள். தேவையில்லை. 2009-இல் லிட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு, ஒருவருடைய பழக்கவட்டத்தில் குடிக்காத ஒரே ஓர் ஆள் புதிதாகச் சேர்ந்தாலும், அடுத்த ஆண்டு அவர் குடிக்காமல் இருக்கும் வாய்ப்பு 27 விழுக்காடு கூடுகிறது என்று சொன்னது. நான்கு நண்பர்கள் போன இடத்தில் நான்கு பேரை நிரப்ப வேண்டும் என்று மலைக்காதீர்கள். இப்போதைக்கு ஒருவர்.

அந்த ஒருவரை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் வாடிக்கையாளரைத்தான் சொல்கிறேன்.

அவரைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று புரிகிறது. ‘இனி இவர் ஆர்டர் கொடுப்பாரா? ஊரெல்லாம் சொல்லிவிடுவாரா?’ ஆனால் அவர் அங்கே வேடிக்கை பார்க்க வரவில்லை. நீங்கள் எதற்காகப் போனீர்களோ அதற்காகவே வந்திருக்கிறார். உங்களைப் பார்த்ததும் அவருக்கும் நெஞ்சு படபடத்திருக்கும். நீங்கள் பாதியில் எழுந்துபோனபோது ‘என்னால்தான் போய்விட்டார்’ என்று அவர் வருந்தியிருக்கவும் கூடும். கூட்டத்தில் யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே பேசக்கூடாது என்பது அந்த அமைப்பின் அடிப்படை ஒழுங்கு. அடுத்த முறை அவரைப் பட்டறையில் சந்தித்தால் அதைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். கூட்டத்தில் சந்தித்தால் வணக்கம் சொல்லுங்கள், போதும்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நம் ஆட்கள் சுருக்கமாக ஏஏ என்று சொல்லும் அந்த அமைப்பு, தொடங்கிய விதமே இப்படித்தான். 1935 மே மாதம், பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் ஒரு வியாபார வேலையாக ஓஹியோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்துக்குப் போகிறார். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. போன காரியம் கெட்டுவிட்டது. கையில் பணமில்லை, தெரியாத ஊர், வார இறுதி மாலை. ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரை அழைத்தார். கேட்டது ஒன்றுதான்: பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும். அப்படித் தேடிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். கால்மணி நேரம்தான் தருவேன் என்று சொல்லிவிட்டு வந்த அந்த மருத்துவர், ஆறு மணி நேரத்துக்கும் மேல் பேசிக்கொண்டிருந்தார். 1935 ஜூன் 10-ஆம் தேதி அவர் கடைசியாகக் குடித்தார். அந்த நாளையே அமைப்பு தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. பில் வில்சன் அன்று மாலை மருத்துவரையோ மனைவியையோ தேடவில்லை என்பதைக் கவனியுங்கள். தன்னைப் போன்ற ஒருவரைத்தான் தேடினார்.

நீங்கள் பாதியில் வந்துவிட்டதால் மீதி என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் பள்ளி வகுப்பறையிலோ தேவாலயத்தை ஒட்டிய அறையிலோ கூடுவார்கள். வருகைப் பதிவேடு இல்லை, சந்தா இல்லை. விருப்பப்பட்டவர் உண்டியலில் போடலாம். ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கித் தன் கதையைப் பேசுவார். மற்றவர்கள் குறுக்கிட மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். பேச விருப்பமில்லை என்றால் ‘கேட்க வந்தேன்’ என்று சொல்லிவிட்டு உட்காரலாம். கடவுளைப் பற்றிய பேச்சு சிலருக்கு ஒவ்வாது. அவரவர் உணர்ந்தபடியான சக்தி என்றுதான் அங்கே சொல்வார்கள், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் வருகிறார்கள். ஒரு குழு பிடிக்காவிட்டால் வேறு குழுவுக்குப் போங்கள். கோவையில் ஒன்றுக்கு மேல் உண்டு.

என் அனுபவத்தில் கூட்டத்தைவிட முக்கியமானது கூட்டம் முடிந்தபிறகு வரும் கால்மணி நேரம். டீ கொடுப்பார்கள், நாற்காலியை அடுக்குவார்கள், வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் நின்று பேசுவார்கள். நட்பு அங்கேதான் உண்டாகிறது. பத்து நிமிடம் முன்னதாகப் போய் நாற்காலி போட உதவுங்கள். முடிந்ததும் அடுக்க உதவுங்கள். கைக்கு வேலை இருந்தால் கூச்சம் பாதி குறையும். மூத்த உறுப்பினர் ஒருவரிடம் போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குவதோடு நிறுத்தாமல், ஒன்றும் பிரச்சினை இல்லாத ஒரு நாளில் அவரை அழைத்துச் சும்மா பேசுங்கள். சாதாரண நாளில் அழைத்துப் பழகாதவர் நெருக்கடியான நேரத்தில் அழைக்க மாட்டார், கை போகாது.

இது ஏதோ பஜனை போன்ற ஆறுதல் என்று படித்தவர்கள் சிலர் நினைக்கிறார்கள். 2020-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து முழுமையாகக் குடிக்காமல் இருக்கும் விஷயத்தில், ஏஏ-யோடு இணைத்து நடத்தப்படும் சிகிச்சை மற்ற நல்ல சிகிச்சை முறைகளைவிடக் கூடுதல் பலன் தருகிறது என்பதே அதன் முடிவு. அதற்காக மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து போகட்டும். நீங்கள் சிகிச்சை பெற்ற மையத்தில் பழைய நோயாளிகளுக்கான தொடர் சந்திப்பு நடக்கிறதா என்றும் கேளுங்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமை.

கிரிக்கெட்டை விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏழு மாதத்துக்கு முன் விட்டது சரிதான்; அப்போது அந்த மைதானமே ஆபத்து. இப்போது ஆட்டத்தையும் அதற்குப் பிறகு நடப்பதையும் பிரித்துப் பார்க்கலாம். அதே அணிக்குத் திரும்புவதாக இருந்தால், அணியில் உங்கள்மேல் உண்மையான அக்கறை உள்ள ஒருவரிடம் மட்டும் முன்கூட்டியே பேசுங்கள். மகனோ மகளோ இருந்தால் கூடவே அழைத்துப் போங்கள். கடைசிப் பந்து வீசியதும் கிளம்பியாக வேண்டிய ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள்: பிள்ளையோடு அன்னபூர்ணாவில் டிபன் என்று வைத்தாலும் சரி. இரண்டு வாரம் போய்ப் பார்த்தும் ஆட்டத்தைவிட ஆட்டத்துக்குப் பிந்திய நேரத்தைத்தான் மனம் எதிர்பார்க்கிறது என்று தெரிந்தால், அந்த அணி வேண்டாம். வேறு அணியில் சேருங்கள்.

புதிதாக எதில் சேர்வது என்று பார்க்கும்போது நான் சில விஷயங்களைக் கேட்பேன். வாரந்தோறும் ஒரே நாள், ஒரே நேரத்தில் நடக்கிறதா? கையோ காலோ வேலை செய்கிறதா? முடிந்தபின் எங்கே போகிறார்கள்? நான் வராவிட்டால் யாராவது கவனிப்பார்களா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தனியாக ஜிம்முக்குப் போவது உடம்புக்கு நல்லது. ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அது மருந்தாகாது.

உங்கள் பக்கத்திலேயே ஒரு அருமையான வாய்ப்பு இருக்கிறது: வள்ளி கும்மி. கோவை, திருப்பூர், ஈரோடு ஊர்ப்புறங்களில் சில ஆண்டுகளாக அது மறுபடி தழைத்திருக்கிறது. மாலை வேலை முடிந்தபின் ஊர்ப் பொது இடத்தில் ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஆசிரியரிடம் அடவு கற்றுக்கொள்கிறார்கள். பழகி முடித்ததும் கோயிலில் அரங்கேற்றம். சரியாக நீங்கள் தவிக்கும் அந்த நேரம். வட்டத்தில் ஒருவர் குறைந்தாலும் தெரிந்துவிடும். மனைவியும் பிள்ளைகளும் கூட வரலாம். ஒரு மணி நேரம் ஆடியபின் பசிக்கும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டால் தூக்கம் வரும். எனக்கு ஆடத் தெரியாதே என்று தயங்க வேண்டாம்; அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் அப்படி வந்தவர்கள்தான்.

ஆட்டம் ஒத்துவராவிட்டால் குளத்து வேலை இருக்கிறது. கோவைக் குளங்களில் தன்னார்வலர்கள் ஞாயிறு காலைகளில் கூடிச் சுத்தம் செய்வதும் மரம் நடுவதும் பல ஆண்டுகளாக நடக்கிறது. சேற்றில் இறங்கிச் சீமைக்கருவேலத்தை வெட்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் யார், என்ன செய்தவர் என்று விசாரிக்க நேரமிருக்காது. மலை ஏறுகிறவர் என்றால் பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி. அதற்கும் நல்ல துணையைத் தேர்ந்தெடுத்துப் போங்கள். உங்களிடம் கைத்தொழில் இருப்பதையும் மறக்காதீர்கள். வாரத்தில் ஒரு மாலை ஐடிஐ முடித்த இரண்டு பையன்களுக்கு லேத் வேலை சொல்லிக்கொடுக்கலாம். ‘அண்ணா, நாளைக்கு வரட்டுமா’ என்று ஒருவர் உங்களைக் கேட்பதில் பெரிய பலம் இருக்கிறது.

ஊரில் எல்லோரும் குடிக்கிறார்கள், நான் மட்டும்தான் தனி என்ற எண்ணம் உங்களுக்கு வரும். பதினெட்டு ஆண்டுகள் குடிப்பவர்களோடு மட்டும் பழகியதால் வரும் எண்ணம் அது. மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள ஆண்களில் மது அருந்துபவர்கள் 27.3 விழுக்காடு. நான்கில் ஏறக்குறைய மூன்று ஆண்கள் குடிப்பதில்லை. அவர்கள் மாலை நேரங்களை எங்கோ கழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி. அவர் மூச்சை முகர்வது உங்களுக்கு அவமானமாக இருக்கிறது, புரிகிறது. அவர் பக்கத்திலிருந்தும் ஒரு நிமிடம் பாருங்கள். அத்தனை ஆண்டுகளாக வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும் விதத்தை வைத்தே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று கணித்துப் பழகியவர். ஏழு மாதத்தில் அந்தப் பழக்கம் போகாது. ‘இன்னும் நம்பவில்லையா’ என்று சண்டை போட்டால் சந்தேகம்தான் கூடும். தாமதமாகும் என்று தெரிந்த நிமிடமே நீங்களாக முந்திக்கொண்டு போன் செய்யுங்கள். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். மாதக்கணக்கில் இதைச் செய்தால் முகர்வது தானாக நிற்கும்.

அவரும் தனிமைப்பட்டவர்தான். ‘உங்கள் வீட்டுக்காரர் நேற்று…’ என்று யாராவது தொடங்கிவிடுவார்களோ என்று பயந்து, விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தியிருப்பார், அக்கம்பக்கத்துப் பேச்சைக் குறைத்திருப்பார். பில் வில்சனின் மனைவி லோயிஸ் இதை உணர்ந்துதான் 1951-இல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக அல்-அனான் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார். நம் சென்னையில் குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனையும் குடும்பத்தாரைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறது. உங்கள் கூட்டத்தில் கேட்டால், குடும்பத்தாருக்கான சந்திப்பு எங்கே நடக்கிறது என்று சொல்வார்கள். உங்கள் நலனுக்காக வா என்று கூப்பிடாதீர்கள். அவருக்கே அது வேண்டும். அங்கே அறிமுகமாகும் இன்னொரு குடும்பத்தை ஒரு ஞாயிறு மதியம் வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள். எதையும் மறைக்க வேண்டியில்லாத விருந்து உங்கள் வீட்டில் நடந்து எத்தனை நாளாகியிருக்கும்!

இப்போது காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும், சீர் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். போகத்தான் வேண்டும், சந்தோஷமாகப் போங்கள்.

ஆனால் இப்போதே தங்கை கணவரிடம் நேரில் பேசிவிடுங்கள். ‘மாப்பிள்ளை, நான் குடிப்பதை விட்டுவிட்டேன். அன்றைக்கு யாரும் என்னை வற்புறுத்தாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று பொறுப்பை அவரிடம் கொடுங்கள். விருந்து வைப்பவரே உங்கள் பக்கம் நின்றால் மற்றவர்கள் அடங்குவார்கள். இன்னொன்று: இதுபோன்ற விருந்துகளில், ‘அவன்தான் குடிக்க மாட்டானே, அவனிடம் கொடுத்தால் பத்திரமாக இருக்கும்’ என்று பாட்டில் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, குடியை விட்டவரிடமே ஒப்படைப்பார்கள். நம்பிக்கை வைத்துத்தான் கொடுப்பார்கள். மறுப்பது கஷ்டமாக இருக்கும். மறுத்துவிடுங்கள். வாங்கி வருவது, காரில் ஏற்றுவது, டம்ளரில் ஊற்றிக்கொடுப்பது எதுவும் உங்கள் வேலையில்லை. பந்தி பரிமாறுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் பந்தியில் நின்றால் ஊருக்கும் மரியாதை.

யாராவது நீட்டினால் என்ன சொல்வது? ‘இன்றைக்கு வேண்டாம்’ என்றால் நாளைக்கு என்று பொருள். ‘மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்றால் ‘எத்தனை நாளைக்கு’ என்று கேட்பார்கள். ‘விட்டுவிட்டேன்’ என்ற ஒரு சொல் போதும். விளக்கம் வேண்டாம்; விளக்கினால் அது விவாதமாகிவிடும். கையெடுத்துக் கும்பிடும் வயதிலுள்ள பெரியப்பாவோ மாமாவோ வற்புறுத்தினால் ‘டாக்டர் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்’ என்று சொல்வதில் தவறில்லை, அது உண்மையும்கூட. இந்தப் பதிலை வீட்டில் மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் சமயத்தில் நாக்கு தடுமாறாது. கையில் எப்போதும் மோரோ இளநீரோ இருக்கட்டும். மது இல்லாத பீர் என்று விற்பதும் வேண்டாம்; அந்த வாசனையே பழைய ஞாபகத்தைக் கிளப்பிவிடும்.

வெறும் வயிற்றோடு நிற்காதீர்கள். பசி, கோபம், தனிமை, அசதி இந்த நான்கும் கூடினால் எவ்வளவு உறுதியானவரும் ஆடிவிடுவார். முதல் பந்தியில் சாப்பிட்டுவிடுங்கள். தோப்புப் பக்கம் ஆட்கள் ஒதுங்கத் தொடங்கும் நேரம் உங்களுக்கே தெரியும். அதற்கு முன் கிளம்பிவிடுங்கள். வேறொருவர் வண்டியில் போனால் அவர் எழும்வரை நீங்களும் இருக்க வேண்டியிருக்கும். ஆகையால் சொந்த வண்டி, கூடவே மனைவி. அன்று காலை கூட்டத்து நண்பருக்கு ஒரு போன், வீடு திரும்பியதும் ஒரு போன். துக்க வீடுகளுக்கும் இதே ஏற்பாடுதான். அங்கே ஆபத்து இன்னும் அதிகம், வருத்தத்தோடு இருப்பவர் மறுப்பதற்குத் திராணியற்று இருப்பார்.

இவ்வளவு சொன்னபிறகும், ஒருநாள் தவறிவிட்டால்? சொல்லிவைக்க வேண்டியது என் கடமை. ஒரு கிளாஸ் குடித்துவிட்டவரை அந்த ஒரு கிளாஸைவிட, ‘எல்லாம் போயிற்று, இனி என்ன’ என்ற எண்ணம்தான் அதிகம் கெடுக்கிறது. அன்று இரவே நண்பரை அழையுங்கள், மனைவியிடம் சொல்லுங்கள், மறுநாளே மருத்துவரைப் பாருங்கள். குடியை வெறுக்க வைக்கும் டைசல்ஃபிரம் மாத்திரை எடுப்பவராக இருந்தால், அதன்மேல் குடிப்பது உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாட்கணக்கில் மறுபடி குடித்துவிட்டால் வீட்டில் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வலிப்பு வரக்கூடும், மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச உதவி எண் 14446. உங்கள் போனில் பதிந்துவையுங்கள், மனைவியின் போனிலும்.

காதுகுத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் நான்கு கூட்டங்களுக்காவது போய்விடலாம். முதல் கூட்டத்துக்கு இந்த வாரமே போங்கள்.